துண்டுக்குள்ள பேசின ஓட்டு

சித்தெ இப்படி வேம்பு நிழல்ல உக்காருங்க தம்பி. பஞ்சாயத்து ஆபீசுக்குள்ள கூட்டம் நடக்குது, இப்பப் போனா யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. தெருவிளக்குக் கம்பெனியில இருந்துதானே வந்திருக்கீங்க? கேக்க வேண்டியதே இல்லைங்க, பைக்குள்ள இருந்து பல்பு எட்டிப் பார்க்குது. மீசை முளைக்கிறதுக்கு முந்தி மாட்டுச் சந்தைக்குள்ள தரகுக்கு இறங்கினவன் நான். மாடு நடந்து வர்றதைப் பார்த்தே எத்தனை பல்லுன்னு சொல்லிருவேன். மனுசன் என்ன பெரிய மனுசன்?

பேரு நாச்சிமுத்து. கண்ணபுரம், அந்தியூர், பொள்ளாச்சி, எந்தச் சந்தையில வேணாலும் கேட்டுப் பாருங்க. கோவக்காரன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். ஏமாத்துக்காரன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான்.

தலைவரைப் பார்க்கோணுமா? பார்த்தாச்சுன்னு வெச்சுக்குங்க. அட, போர்டை எதுக்குத் திரும்பிப் பார்க்கறீங்க? மயிலாத்தாள்னுதான் எழுதியிருக்கும். அது என்ற சம்சாரம். இந்தத் தடவை கொன்னக்காட்டுப்புதூர் ஊராட்சித் தலைவர் பதவியைப் பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. அதனால சீட்டுல பேரு அவளுது. நின்னது நான்.

எனக்கு இருந்தது ஒரே ஆசைதானுங்க. அந்த நாற்காலி. அதுல ஒரு நாளாவது காலு மேல காலு போட்டு உக்காரோணும். எதுக்குன்னு கேளுங்க. அரிசி மில்லு சென்னியப்பன் தலைவரா இருந்தப்ப, குடிதண்ணிக் குழாய்க்கு மனு எடுத்துட்டு இதே ஆபீசுக்கு வந்தேன். உள்ள காலை வெச்சேனோ இல்லையோ, "மாட்டுத் தரகனெல்லாம் வெளிய நில்லப்பா, சாணி வாசம் தாங்கல"ன்னான். சுத்தியும் இருந்தவன் அத்தனை பேரும் சிரிச்சான். அன்னைக்கு முடிவு பண்ணினேன். இதே நாற்காலியில உக்காந்து இவனை நிக்க வெச்சுப் பேசலைன்னா நான் நாச்சிமுத்து இல்லைன்னு.

எதிர்த்து நின்னது யாருன்னு நினைக்கறீங்க? அதே சென்னியப்பன். அதாவது அவன் மருமகள் பேருல அவன். எங்க ரெண்டு பேருக்கும் பாம்புக்கும் கீரிக்கும் ஆன பொருத்தம். பழைய ஓட்டு எல்லாம் பாதி அவனுக்கு, பாதி எனக்குன்னு ஆடாம அசையாம நின்னு போச்சு. நடுவுல தொங்கினது புது ஓட்டு. பதினெட்டு முடிஞ்சு புதுசா ஓட்டு வாங்கின பசங்களும் பொண்ணுகளும். கோயமுத்தூர்ல படிக்கிறது, திருப்பூர் கம்பெனிக்குப் போறது, மில்லு ஹாஸ்டல்ல தங்கியிருக்கிறது. எல்லாம் உதிரிக் கணக்கு. முன்னெல்லாம் இதுக எலெக்சனுக்கு ஊருக்கே வராது. லீவு விட்டா மத்தியானம் வரைக்கும் தூங்கும்.

இந்தத் தடவை ஒருத்தி எழுப்பி விட்டுட்டா.

தையக்காரர் பொன்னுரங்கம் மகள், பவதாரணின்னு. நர்சுக்குப் படிக்குது. ஆளு இத்தினியூண்டு, குரல் மட்டும் கோயில் மைக்செட்டாட்ட. வீடு வீடாப் போச்சு. ஓட்டர் கார்டு இல்லாதவங்களை உக்கார வெச்சு, போன்லயே பதிஞ்சு கொடுத்துச்சு. வர மாட்டேன்னு சொன்ன பசங்களைப் பார்த்து, "ஏண்டா, புதுப்படம் மொத ஆட்டத்துக்கு விடியறதுக்கு முந்தி வரிசையில நிக்கறீங்க. அந்த ஹீரோ வந்து உங்க தெருவுக்குச் சாக்கடை கட்டித் தருவானா?"ன்னு கேட்டுச்சு. நானே நின்னு கேட்டேனுங்க. உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசம்தான். சேர்க்கட்டும், சேர்க்கட்டும். சந்தைக்கு எவன் ஓட்டிட்டு வந்தா என்ன, பேசி முடிக்கறவன் நான்தானே?

ஆனா பொண்ணுகிட்டப் போய் என்ன பேசறது? மந்தையிலே மணி கட்டின காளை ஒண்ணு இருக்கும், அதைப் புடிச்சா மந்தையே பின்னாடி வரும். இளைஞர் மன்றத்துல கௌசிக்னு ஒருத்தன், கபடி கேப்டன், தொடை ஒவ்வொண்ணும் உரலாட்ட. அதுதான் மணிக்காளைன்னு முடிவு பண்ணினேன். டீமுக்கே புது பனியன் அடிச்சுக் கொடுத்தேன். நெஞ்சுல என்ற படம், பெருசா. மூலையில மயிலாத்தா படம், தபால் தலையாட்ட. வாங்கிட்டானுங்க, "தேங்க்ஸ் மாமா"ன்னு. மறுநாள் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தா, அத்தனை பேரும் பனியனை உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டுட்டு ஆடறானுக! என்ற மூஞ்சி உள்ளுக்குள்ள கிடந்து அவனுக வேர்வையில நனையுது.

சிரிக்காதீங்க தம்பி. பொறவு பிரியாணி போட்டேன். தின்னாங்க. சென்னியப்பனும் போட்டான். அதையும் தின்னாங்க. கை கழுவிட்டு அந்தப் பொண்ணு வந்து, "மாமா, சாப்பிட்டது வேற, ஓட்டு வேற. மனசுல வெச்சுக்காதீங்க. உப்பு மட்டும் கொஞ்சம் எச்சா"ங்குது.

எனக்கு வந்துதே கோவம்! மைதானத்து நடுவுல நின்னு கத்தினேன். "மொளச்சு மூணு இலை விடல, நேத்துப் பொறந்த கன்னுக்குட்டியெல்லாம் எனக்கு உப்புப் பார்க்குதா?"ன்னு இன்னும் என்னென்னமோ. எவனோ போன்ல படம் புடிச்சு, என்ற சத்தத்தை எடுத்துப்போட்டு, எருமை கத்தற சத்தத்தைச் சேர்த்து, ஊர் பூராவும் அனுப்பிட்டான். நான் கையை ஆட்டி ஆட்டிக் கத்தறேன், எருமைச் சத்தம் வருது. வீட்டுல மயிலாத்தா அதைப் பார்த்துட்டு முந்தானையை வாய்ல வெச்சுட்டுச் சிரிச்சா பாருங்க, கட்டிக்கிட்ட நாள்ல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. சரி, மனைவியைச் சிரிக்க வெச்சதும் நாமதானேன்னு விட்டுட்டேன்.

அப்புறம் அதுக ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், தண்ணித் தொட்டி மைதானத்துல கூட்டம். ரெண்டு வேட்பாளரும் வரோணும். "எங்களுக்குச் சில கோரிக்கை இருக்கு. அதுக்கு யாரு ஒத்துக்கறாங்களோ அவங்களுக்கு எங்க ஓட்டு. ஒத்தை ஓட்டு சிதறாது." பார்த்தீங்களா? உதிரியா வித்தா வெலை போகாது, மொத்தமாக் கட்டி வித்தாத்தான் போகும்னு அதுகளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? எனக்கு உள்ளூர மரியாதையே வந்துருச்சு.

சென்னியப்பன் வரல. மருமகளையும் விடல. "சின்னப்பசங்க கூப்பிட்டா நான் வரோணுமா?"ன்னு மில்லு மேனேஜரைத் தாட்டி விட்டிருந்தான். அங்கதான் அவன் தோத்தான். நான் போனேன். மயிலாத்தாளையும் கூட்டிட்டுப் போனேன். "நீ வாயை மூடிட்டுப் பொட்டாட்ட நில்லு, பேசறதெல்லாம் நான் பேசிக்கறேன்"னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்.

ஊரே கூடியிருச்சு. பவதாரணி எந்திரிச்சு, கையை விரிச்சு, ஒவ்வொரு விரலாக் காட்டிச் சொல்லுச்சு. "சுண்டு விரலு: காலையில காலேஜ் நேரத்துக்கு ஒரு பஸ்ஸு. மோதிர விரலு: மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குள்ள வர்ற இருட்டுப் பாதைக்கு விளக்கு. நடுவிரலு: பூட்டியே கிடக்கிற நூலகத்தைச் சாயங்காலம் திறக்கோணும். ஆள்காட்டி விரலு: இந்த மைதானத்துல கட்டியிருக்கிற மாடுகளை அவுத்துட்டுப் போகோணும்."

மாடு என்றதுதான். அதுகளைப் பின்ன எங்க கட்டறது? சரி விடுங்க.

"கட்டைவிரலு?"ன்னேன்.

"அதை வேட்பாளர் காதுல மட்டும் சொல்லுவோம்."

"நான்தான் வேட்பாளரு."

"ஏனுங்க மாமா, ஓட்டுச் சீட்டுல உங்க பேரா இருக்கும்?"

கூட்டத்துல ஒரு சிரிப்பு. மில்லு மேனேஜர் கூடச் சிரிச்சான். எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. இப்படி அம்பலத்துல வெச்சு வாய்ப்பேச்சுப் பேசினா நான் தோத்துருவேன்னு தெரிஞ்சு போச்சு. சந்தைக்காரனைச் சந்தையில வெச்சுத்தானே பார்க்கோணும்? தோள் துண்டை உதறி எடுத்தேன். "வாங்கடா, துண்டுக்குள்ள பேசலாம்"னேன்.

உங்களுக்கு அது தெரியாதே. மாட்டுக்கு வெலை பேசறது வாயில இல்லைங்க தம்பி. ரெண்டு பேர் கை மேலயும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கறது. உள்ளுக்குள்ள நான் உங்க விரலைப் புடிப்பேன், நீங்க என்ற விரலைப் புடிப்பீங்க. புடிச்ச விரலுதான் பேச்சு. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கையை உருவிட்டா முடிஞ்சுது, அப்புறம் அந்தப் பேச்சை மாத்தக் கூடாது. கூடப்பொறந்தவன் வந்து கேட்டாலும் என்ன பேசினோம்னு சொல்லக் கூடாது. துண்டுக்குள்ள பேசினது துண்டுக்குள்ளயே இருக்கோணும். மயிலாத்தா ஆசையா வளர்த்த செவலைக் கிடாரியை வித்துட்டு வந்தப்ப, எவ்வளவுக்குப் போச்சு, யாருக்குப் போச்சுன்னு அழுதுட்டுக் கேட்டா. அன்னைக்கும் இதேதான் சொன்னேன். தொழில் தர்மம் அப்படி.

அதனால துண்டை விரிச்சு, கையை உள்ள விட்டுட்டு, "வாடா கௌசிக்கு"ன்னேன். ரெண்டு விரலோட முடிச்சுரலாம்னு திட்டம். பஸ்ஸும் விளக்கும். அதுக்கு மேல ஒரு நகம் கூடக் கிடையாது.

கௌசிக் நகரவே இல்லை. "எங்க பக்கம் பேசறது பவதாரணிதானுங்க மாமா."

அந்தப் பொண்ணு வளையலை மேல ஏத்தி விட்டுட்டு, கையை நீட்டிட்டு முன்னால வந்து நிக்குது.

என்ன பண்றது சொல்லுங்க? வயசுப் பொண்ணு கையைத் துண்டுக்குள்ள புடிக்கறதா? அதுவும் ஊர் கூடின இடத்துல? அவங்கப்பன் பொன்னுரங்கம் அளவுநாடா கழுத்துல தொங்க மொத வரிசையில உக்காந்திருக்கறான். நான் துண்டுக்குள்ள ஒத்தைக் கையோட நிக்கறேன். கிழடுகட்டைக எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிக்குது. "என்ன நாச்சிமுத்து, மாடு உதைச்சுப் போடும்னு பயமா?"ன்னு ஒருத்தன்.

அப்பத்தான் மயிலாத்தா என்ற கை மேல இருந்து துண்டை உருவினா.

"நகருங்க, நான் பேசறேன்"னா.

"உனக்கு என்ன தெரியும்?"

"ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா எத்தனை பேருக்குச் சோறு வெக்கறதுன்னு இத்தனை வருசமா விரலைக் காட்டித்தானே சொல்றீங்க."

பவதாரணி குனிஞ்சு அவ காதுல என்னமோ சொல்லுச்சு. மயிலாத்தா கண்ணு ஒரு தரம் விரிஞ்சு சுருங்குச்சு. அப்புறம் ரெண்டு பேரும் துண்டுக்குள்ள கையை விட்டாங்க. நான் சுத்தி வந்தேன், எட்டிப் பார்த்தேன், துண்டு எங்க மேடு தட்டுது எங்க பள்ளம் விழுதுன்னு பார்த்தேன். எத்தனை சந்தை பார்த்த கண்ணு இது! ஒரு எழவும் தெரியல. "ரெண்டு! ரெண்டு!"ன்னு பின்னாடி இருந்து கிசுகிசுக்கறேன், அவ திரும்பிக்கூடப் பார்க்கல. வெகுநேரம் பேசினாங்க. நடுவுல ரெண்டு பேரும் சிரிச்சாங்க. வெலை பேசறப்ப எவனாவது சிரிப்பானாங்க? கையை உருவினாங்க. பசங்க விசிலடிச்சானுக.

வழியிலயே கேட்டேன். "எத்தனை விரலு மயிலா?"

"துண்டுக்குள்ள பேசினதுங்க."

"அட, நான் உன்ற புருசன்!"

"கூடப்பொறந்தவன் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சோறு போடறப்பக் கேட்டேன், கோபமாக் கேட்டேன், மல்லிப்பூ வாங்கிட்டு வந்து கொடுத்துட்டுக் கேட்டேன். பூவை வெச்சுக்கிட்டா, வாயைத் திறக்கல. ஆனா அன்னைக்குப் புடிச்சு அந்தப் பொண்ணுகளோட அவளே வீடு வீடா ஓட்டுக் கேக்கக் கிளம்பிட்டா. நான் ஜீப்புல மைக்கு கட்டிட்டுப் போனா, "அதெல்லாம் வேண்டாமுங்க, சத்தத்துல பேச முடியறதில்லை"ன்னு எனக்கே உத்தரவு.

ஓட்டுப் போடற அன்னைக்கு நீங்க பார்த்திருக்கோணும் தம்பி! கோயமுத்தூர் பஸ்ஸுல இருந்து மந்தை மந்தையா இறங்குது. மில்லு ஹாஸ்டல்ல லீவு கிடைக்காத பொண்ணுகளுக்காகப் பவதாரணியே போய் வார்டன்கிட்டச் சண்டை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்குது. கால் முறிஞ்சு கட்டுப் போட்ட ஒரு பையனைக் கபடிக்காரங்க நாற்காலியோட தூக்கிட்டு வந்து வரிசையில வெக்கறானுக. தலைவருக்கு ரோஸ் சீட்டு, மத்ததுக்கு வேற நிறம்னு அதுகளே பெருசுகளுக்கு விளக்கம் சொல்லுது. சென்னியப்பன் காருக்குள்ள உக்காந்தபடியே பார்த்துட்டு, ஏறின கண்ணாடியை இறக்கவே இல்லை. ஜெயிச்சோம். கொஞ்ச ஓட்டுலதான், ஆனா அந்தக் கொஞ்சமும் அந்தப் புது ஓட்டுதான்னு ஊரே சொல்லுச்சு.

பதவி ஏத்துக்கற நாள் வந்துது. பட்டுக்கரை வேட்டி, சந்தனம், ஜவ்வாது. சாணி வாசம்னு இனி எவனும் சொல்லக் கூடாது பாருங்க. எல்லாருக்கும் முந்தி நான்தான் படியேறினேன். நாற்காலி அதேதான், குஷன் மட்டும் மாத்தியிருந்தாங்க. முதுகுல கையை வெச்சேன். உக்காரப் போனேன்.

"ஏனுங்க"ன்னு மயிலாத்தா குரல் கேட்டுது.

திரும்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டறா. அடடா, நம்ம கம்பீரத்தைப் பார்த்து சூப்பர்ங்கறாளாக்கும்னு நானும் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவ இறக்கல. நானும் இறக்கல. இப்படியே ரெண்டு பேரும் கட்டைவிரலைக் காட்டிட்டு நிக்கறோம், சுத்தியும் பத்துப் பேர் பார்க்கறாங்க.

பவதாரணிதான் சொல்லுச்சு. "மாமா, அது அஞ்சாவது கோரிக்கை. தலைவர் நாற்காலியில தலைவர்தான் உக்காரோணும். தலைவர் வீட்டுக்காரர் ஆபீசுப் படி ஏறக் கூடாது."

அஞ்சு விரலையும் புடிச்சிருக்கறா தம்பி! ரெண்டுன்னு சொல்லி அனுப்பினா அஞ்சு! அதுலயும் மொதல்ல புடிச்சதே கட்டைவிரலைத்தானாம், அந்தப் பொண்ணே பின்னால சொல்லுச்சு.

கத்தினேன். எப்படிக் கத்தினேன்னா, இந்த மரத்துக் காக்கா அத்தனையும் பறந்துருச்சு. யாரு போட்ட பனியன், யாரு போட்ட பிரியாணி, யாரு செஞ்ச செலவுன்னு கேட்டேன்.  மயிலாத்தா பக்கத்துல வந்து மெதுவாத்தான் கேட்டா: "துண்டுக்குள்ள முடிஞ்சதை மாத்தினவனுக்குச் சந்தையில என்னங்க பேரு?"

 பேச்சு மாத்தினவனுக்குச் சந்தையில எவனும் கை நீட்ட மாட்டான். நான் கை நீட்டிப் பொழைக்கிறவன். இறங்கி வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வெளிய வந்து இந்த மரத்தடியில உக்காந்து ஆற அமர யோசிச்சுப் பார்த்தா, எனக்குச் சிரிப்புத்தான் வந்துது. என்ன இருந்தாலும் சின்னப்பசங்க, வெவரம் பத்தாது. அத்தனை ஓட்டையும் மொத்தமாக் கட்டி வெச்சுக்கிட்டு என்னத்தைக் கேட்டு வாங்கினாங்க? நாச்சிமுத்து வெளிய உக்காரோணுமாம்! இது ஒரு வெலையா? வெளிய உக்காந்தா எனக்கு என்ன குறைஞ்சு போச்சு, காத்து வருது. மத்த நாலும் எப்படியும் நானே செஞ்சிருப்பேன். பஸ்ஸு வந்துருச்சு. விளக்குக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க. நூலகம் திறந்தாச்சு. மாட்டை எல்லாம் என்ற தோட்டத்துக்கே ஓட்டிட்டுப் போய்க் கட்டிட்டேன், நானேதான், யாரும் சொல்லாம. ரெண்டு தடவை சொன்னாங்க, அவ்வளவுதான். கொள்ளை லாபத்துக்கு முடிச்ச வியாபாரம் இது. உண்மையில இந்த மரத்தடியிலதான் பஞ்சாயத்தே நடக்குது.

என்னடா கௌசிக்கு? வண்டி நிறுத்தோணுமா? இப்படித்தானே உக்காந்திருக்கறேன்... சரி சரி, நகர்ந்துக்கறேன். தம்பி, நீங்களும் சித்தெ நகருங்க. நிழல் அந்தப் பக்கமும் வரும், மத்தியானத்துக்கு மேல.

சரி, நம்ம சோலிக்கு வருவோம். பல்பு என்ன வெலை? வாயில சொல்லாதீங்க! இந்தாங்க, துண்டு. கையைக் கொடுங்க. வெக்கப்படாதீங்க. நீங்க ஒரு வெலை புடிங்க, நான் மேல ஒண்ணு புடிக்கறேன், உங்களுக்கும் ஆச்சு எனக்கும் ஆச்சு... என்னது? வெலையை உள்ள எல்லாரும் கேக்க மைக்குல சொல்லோணுமா? யாரு சொன்னது? அந்தப் பொண்ணா? விளக்குக்கு வந்த மூணு கம்பெனியையும் ஒண்ணா உக்கார வெச்சா? அட அக்கிரமமே. இப்படி ஊரறிய வெலை கேட்டா எவன் பொழைக்கிறது?

இதா, கதவைத் திறக்கறாங்க. மயிலாத்தாதான். உங்களைத்தான் கையைக் காட்டிக் கூப்பிடறா. போங்க, போங்க. செருப்பைப் படியிலயே விட்டுட்டுப் போங்க. தலைவர்னு கூப்பிடுங்க, அம்மான்னு கூப்பிட்டா அவளுக்குப் புடிக்கறதில்லை. வெலையை ஒரே வெலையாச் சொல்லுங்க, ரெண்டாந்தரம் குறைச்சீங்கன்னா மொதல்லயே ஏன் சொல்லலைன்னு கேப்பா.

தம்பி, தம்பி! ஒரு நிமிசம். உள்ள போய் நாச்சிமுத்துவுக்குத் தெரிஞ்சவன்னு மட்டும் சொல்லிராதீங்க. சொன்னீங்கன்னா பல்புக்கு இன்னும் பாதி வெலை குறைச்சிருவா.